'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாடலின் குரலைக் காதல் முறிவுப் பாட்டில் சேர்த்தது சரியா?

மாதக் கூடல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் மாதம் ஒருமுறை இருபது பேர் வரை கூடி, ஏதேனும் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றோடு சேர்த்துக் கேட்டுப் பேசுகிறோம். சித்திரை மாதக் கூடலுக்கு 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' என்ற அமெரிக்கப் பாடலைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். கறுப்பின மக்களைக் கும்பல் கூடி அடித்து மரத்தில் தூக்கிலிட்ட கொடுமையை, மரத்தில் தொங்கும் விசித்திரமான கனியாக உருவகித்துப் பாடும் பாடல் அது. பில்லி ஹாலிடே 1939-இல் பதிவு செய்த வடிவத்தையும், நீனா சிமோன் 1965-இல் 'பேஸ்டல் ப்ளூஸ்' தொகுப்பில் பாடிய வடிவத்தையும் போடுவது என்று முடிவாகிவிட்டது. மூன்றாவதாக ஒன்றைப் போடலாமா என்பதில்தான் எனக்குத் தெளிவு பிறக்கவில்லை.

சென்ற வாரம் ஓர் இரவு என் மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கைப்பேசியில் ஒரு பாட்டை ஓடவிட்டிருந்தாள். தொடக்கத்தில் ஒரு பெண்குரல், சிறுமியின் குரல்போல மெலிந்து உயர்ந்து, எனக்கு மிகவும் பழக்கமான சொற்களைப் பாடியது. கையிலிருந்த காய்கறிக் கூடையை வைத்துவிட்டு நின்றேன். அது நீனா சிமோனின் குரல் என்று பிடிபடுவதற்குள் ஒரு நிமிடம் ஓடிவிட்டது; பிறகு எக்காளங்கள் போன்ற பெரும் ஓசை வந்து விழுந்தது; மகள் நுரை படிந்த கையோடு தாளத்துக்குத் தலையசைத்தாள். அமெரிக்க ராப் கலைஞர் கான்யே வெஸ்ட் 2013-இல் வெளியிட்ட 'யீசஸ்' தொகுப்பில் இடம்பெற்ற 'ப்ளட் ஆன் த லீவ்ஸ்' என்ற பாட்டு அது. பின்னால் ஒலிக்கும் குரல் எதைப் பற்றிப் பாடுகிறது என்று தெரியுமா என்று கேட்டேன். "பிரிந்துபோன காதலியைப் பற்றிய பாட்டு, அம்மா" என்றாள்.

அவள் சொன்னதில் பிழை இல்லை. வெஸ்ட் பாடும் சொற்கள் முறிந்த உறவு, புகழ் கெடுத்த வாழ்க்கை, ஜீவனாம்சம் ஆகியவற்றைச் சுற்றியே வருகின்றன. கொல்லப்பட்டவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு பாடலின் குரலை இப்படி வேறொரு துயரத்துக்குப் பின்னணியாக வைப்பது முறையா? முறையில்லை என்றாலும், இன்றைய பிள்ளைகள் பலரும் அந்தக் குரலை முதலில் கேட்பது இந்தப் பாட்டில்தான் என்பதால் அதைக் கூடலில் போட்டுப் பேசுவது நல்லதா? விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பழைய இசைத்தட்டு

வணக்கம் அம்மா. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அது முறையில்லை. காரணத்தைச் சொல்ல, அந்தப் பாடல் எப்படி மேடையேறியது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

பாடலை எழுதியவர் ஏபல் மீரோபோல். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த யூத ஆசிரியர். 1937 ஜனவரியில், ஆசிரியர் சங்கத்தின் இதழில், 'கசப்புக் கனி' என்று பொருள்படும் தலைப்பில் அதைக் கவிதையாக வெளியிட்டார். பின்பு தாமே மெட்டமைத்தார். அவருடைய மனைவியும் நண்பர்களும் கூட்டங்களில் பாடினார்கள். பாடலாசிரியராக அவர் வைத்துக்கொண்ட லூயிஸ் ஆலன் என்ற புனைபெயர், பிறக்கும்போதே இறந்துபோன அவருடைய இரு குழந்தைகளின் பெயர்களைச் சேர்த்தது. சோவியத்துக்கு உளவு பார்த்ததாக 1953-இல் அமெரிக்க அரசு மரண தண்டனை நிறைவேற்றிய ரோசன்பெர்க் தம்பதியின் இரண்டு மகன்களையும் தத்தெடுத்து வளர்த்தவர் இவரே. இதை ஒரு துணைச் செய்தியாகத்தான் சொல்கிறேன். ஆனாலும் இந்த மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பிள்ளைகளும் நினைவுக்கு வருகிறார்கள்.

பாடல் ஹாலிடேயிடம் வந்து சேர்ந்த இடம், 1938 டிசம்பரில் பார்னி ஜோசஃப்சன் கிரீன்விச் வில்லேஜில் திறந்த கஃபே சொசைட்டி என்ற இரவு விடுதி. கறுப்பினரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் சமமாக அமர்ந்து கேட்கலாம் என்பது அங்கே கொள்கை. அந்தக் காலத்து நியூயார்க்கில்கூட அது வழக்கத்தில் இல்லாதது. இந்தப் பாடலுக்கு ஜோசஃப்சன் சில விதிகளை வகுத்தார். ஹாலிடே அதை நிகழ்ச்சியின் கடைசிப் பாடலாகவே பாட வேண்டும். அவர் தொடங்குமுன் பரிமாறுவதைப் பணியாளர்கள் நிறுத்திவிட வேண்டும். கோப்பை ஓசைகூடக் கேட்கக் கூடாது. கூடத்து விளக்குகள் அணைந்து, அவருடைய முகத்தின்மேல் மட்டும் ஓர் ஒளிவட்டம் விழ வேண்டும். பாடி முடித்ததும் அந்த விளக்கும் அணையும். மீண்டும் எரியும்போது மேடையில் அவர் இருக்க மாட்டார். எத்தனை கைதட்டினாலும் திரும்பி வந்து வணங்குவது கிடையாது. முதல் இரவில் சிறிது நேரம் யாருமே கைதட்டவில்லை என்றும், பிறகு எவரோ ஒருவர் தயங்கித் தயங்கித் தொடங்க, கூடம் முழுவதும் தட்டியது என்றும் ஹாலிடே தம் தன்வரலாற்றில் சொல்கிறார்.

அவர் ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா நிறுவனம், தென்மாநில வணிகர்களின் எதிர்ப்புக்கு அஞ்சி, பதிவு செய்ய மறுத்தது. இசைத்தட்டுக் கடை நடத்திவந்த மில்ட் கேப்லர், தம் சிறு நிறுவனமான கமடோர் வழியாக 1939 ஏப்ரல் 20-ஆம் நாள் அதைப் பதிவு செய்தார். ஹாலிடேக்கு இருபத்துநான்கு வயது நிறைந்து பதின்மூன்றே நாள். பாடல் மிகவும் சிறியது, பன்னிரண்டே வரிகள் என்பதால், பியானோக் கலைஞர் சானி வைட்டை முன்னிசை வாசிக்கச் சொன்னார் கேப்லர். மூன்று நிமிடம் சொச்சம் ஓடும் அந்தத் தட்டில் ஏறத்தாழ எழுபது வினாடிகள் கழிந்த பிறகே ஹாலிடேயின் குரல் வருகிறது. கூடலில் இதைக் கவனிக்கச் சொல்லுங்கள். அந்த எழுபது வினாடியில் நம் பேச்சு தானாக ஓய்ந்து, காது தயாராகிவிடுகிறது.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் பாடலைப் பாடியவரும் மேடையேற்றியவரும் அதற்கென ஒரு கேட்கும் முறையையே அமைத்துக் கொடுத்தார்கள். சாவு வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைவதைப் போன்றது அது. ஆறு நிமிடப் பாட்டொன்றில் அந்தக் குரலைத் துண்டு துண்டாக வெட்டி, மேலே தாளத்தையும் தன் குடும்பச் சண்டையையும் அடுக்கும்போது, வெஸ்ட் அந்த முறையைத்தான் உடைக்கிறார். அதுமட்டுமா, கூடைப்பந்து ஆட்டத்தில் மனைவியை ஒருபுறமும் காதலியை மறுபுறமும் பிரித்து உட்காரவைப்பதை இன ஒதுக்கலோடு ஒப்பிடும் ஒரு வரியும் அதில் வருகிறது. சிமோனின் குரல் பின்னால் ஒலிக்க, அந்த வரியை என்னால் கேட்க முடியவில்லை.

ஒலிப்பதிவுக் கூடம்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பதிவுகளையும் வெஸ்ட்டின் பாட்டையும் மறுபடி கேட்டேன். ஒலிச்சேர்க்கை என் தொழில் என்பதால், அந்தப் பாட்டில் என்ன நடக்கிறது என்பதை ஒலியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

நீனா சிமோனுடையது கனத்த கீழ்ஸ்தாயிக் குரல். 1965-ஆம் ஆண்டுப் பதிவில் பியானோ ஓரிரு சுரங்களை வைத்துவிட்டு விலகி நிற்கிறது. குரலுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. இறுதிப் பகுதியில் ஒரு சொல்லைப் பிடித்து, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கியபடி, ஒப்பாரியின் இழுவையைப் போல நீட்டுகிறார். வெஸ்ட் அந்தக் குரலின் சுருதியை உயர்த்தியிருக்கிறார். அதனால்தான் உங்களுக்குச் சிறுமியின் குரலாகக் கேட்டது, அம்மா. சுருதியை ஏற்றும்போது குரலின் மார்பு அதிர்வு போய்விடுகிறது. வயதும் எடையும் போய்விடுகின்றன. மிஞ்சுவது மெல்லிய ஓர் அலறல். இலைகளில் இரத்தம் என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வந்து, பொருளை விட்டு ஓசையாக மாறிவிடுகின்றன. ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குப் பிறகு விழும் அந்த எக்காள ஓசை, 'டிஎன்ஜிஹெச்டி' என்ற இருவர் குழுவின் வேறொரு பாட்டிலிருந்து எடுத்தது. வெஸ்ட்டின் குரலும் ஆட்டோட்யூன் என்ற சுருதி திருத்தும் மென்பொருள் வழியாகச் சென்று மனிதக் குரலின் இயல்பை இழந்திருக்கிறது. சிதைந்த இரண்டு குரல்கள் ஒன்றையொன்று பார்க்காமல் அழுகின்றன என்பதுதான் நான் கேட்டது.

கைத்திறனாகப் பார்த்தால் அது சாதாரண வேலை இல்லை. எடுத்த குரல் எதைப் பற்றியது என்று அறியாமல் எடுத்ததும் இல்லை. 2013 ஆகஸ்டில் எம்டிவி விருது விழாவில் அவர் இதைப் பாடியபோது, மேடையை இருட்டாக்கி, தாம் வெறும் நிழலுருவாக நின்று, பின்னால் ஒரே ஒரு மரத்தின் படத்தை வைத்தார். இயக்குநர் ஸ்டீவ் மெக்குவீன் எடுத்த படம் அது. கறுப்பினத்தவரைத் தூக்கிலிடப் பயன்பட்ட மரம். விளக்கணைந்த கூடமும் மரமும் அந்த மேடையில் இருந்தன. சொற்களில் மட்டும் அந்த மரணங்கள் இல்லை. இந்த இடத்தில் ஐயாவோடு நான் ஒத்துப்போகிறேன்: இன ஒதுக்கல் என்ற சொல்லை அங்கே கொண்டுவந்தது பொறுப்பற்ற செயல்.

ஆனால் பாடலின் குரலை எடுத்தாலே தவறு என்று சொல்ல நான் தயாரில்லை. 2019-இல் ராப்சடி என்ற ராப் கலைஞர் 'ஈவ்' என்ற தொகுப்பின் முதல் பாட்டுக்கு நீனா என்றே பெயர் வைத்து, இதே சிமோனின் பதிவிலிருந்து குரலை எடுத்தாண்டார். அவரும் சிமோனும் வட கரோலினா மாநிலத்தில் பிறந்தவர்கள். அங்கே குரலுக்குரியவரின் பெயர் பாட்டின் தலைப்பிலேயே நிற்கிறது. கருவி ஒன்றுதான், வெட்டும் முறையும் ஒன்றுதான். எனக்குக் கேட்ட வேறுபாடு மிகப் பெரியது. கூடலில் வெஸ்ட்டைப் போடுவதாக இருந்தால் இதையும் அதனோடு போடுங்கள்.

இன்னொன்று. மேற்கோளாகவோ, பதிவிலிருந்து வெட்டிய துண்டாகவோ எடுக்காமல், பாடுவேன் என்று சொன்ன மாத்திரத்திலேயே இந்தப் பாடல் வேலை செய்த ஒரு தருணமும் உண்டு. 2017 ஜனவரியில் டிரம்ப்பின் பதவியேற்பு விழாவில் பாட அழைப்பு வந்ததாகக் கூறிய ஆங்கிலப் பாடகி ரெபெக்கா ஃபெர்குசன், 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' பாட அனுமதித்தால் வருகிறேன் என்று அறிவித்தார். அவர் அங்கே பாடவில்லை. பாடலின் தலைப்பே பதிலாகிவிட்டது.

நூலக மேசை

இருவர் எழுதியதும் பயனுள்ளவை. ஆனால் பேச்சு 1939-இல் தொடங்கிவிட்டது. ஒன்பது ஆண்டு பின்னால் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

1930 ஆகஸ்ட் 7-ஆம் நாள் இரவு, இண்டியானா மாநிலத்தின் மேரியன் நகரில், தாமஸ் ஷிப், ஏப்ராம் ஸ்மித் என்ற இரண்டு கறுப்பின இளைஞர்களைக் கும்பல் ஒன்று சிறையை உடைத்து வெளியே இழுத்து, அடித்து, நீதிமன்ற வளாகத்து மரத்தில் தூக்கிலிட்டது. பதினாறு வயது ஜேம்ஸ் கேமரனும் அன்று இழுத்து வரப்பட்டு, கழுத்தில் கயிறு ஏறிய பிறகு, உயிர் பிழைத்தார். பிற்காலத்தில் மில்வாக்கி நகரில் இந்தக் கொடுமைகளுக்கென ஓர் அருங்காட்சியகத்தை நிறுவினார். உள்ளூரில் படக்கடை வைத்திருந்த லாரன்ஸ் பைட்லர் அன்றிரவு எடுத்த புகைப்படம் இன்றும் கிடைக்கிறது. மேலே இரு உடல்கள். கீழே கூட்டம். கூட்டத்தில் பலர் கேமராவைப் பார்க்கிறார்கள்; ஒருவர் கையை நீட்டி மரத்தைச் சுட்டிக்காட்டுகிறார்; சிலர் முகத்தில் சிரிப்பு. மீரோபோலின் கவிதைக்குத் தூண்டுதலாக இருந்தது இந்தப் படம்தான் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது.

நீங்கள் கேட்ட கேள்விக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. பைட்லர் அந்தப் படத்தை ஐம்பது சென்ட் விலைக்கு ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்றார். அது புதிய பழக்கமும் இல்லை. இத்தகைய கொலைகளின் படங்கள் அஞ்சலட்டைகளாக அச்சாகி, உறவினர்களுக்கு வாழ்த்துபோல அனுப்பப்பட்டுவந்தன. 1908-இல் அஞ்சல் துறை அவற்றுக்குத் தடை விதித்த பிறகும் உறைக்குள் வைத்து அனுப்பினார்கள். அதாவது கொல்லப்பட்டவர்களின் உருவம், பாடலில் வருவதற்கு முன்பே, மக்கள் காசு கொடுத்து வாங்கிச் சுவரில் மாட்டும் பொருளாகப் புழங்கிக்கொண்டிருந்தது. மீரோபோல் செய்ததும் ஒரு மறுபயன்பாடுதான். விற்பனைக்கு வந்த படத்தைக் கையில் எடுத்து, அதைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தின் கண்ணிலிருந்து பிடுங்கி, வேறு விதமாகப் பார்க்கவைத்தார். ஆகவே பாடல் புனிதமான தனியிடத்தில் பிறந்தது, பின்னால் வந்தவர்கள் சந்தைக்கு இழுத்துவந்தார்கள் என்று நினைக்க முடியாது. சந்தையிலிருந்து மீட்டு எடுக்கப்பட்டது அது. பின்னர் மறுபடி சந்தைக்குள் போயிருக்கிறது.

மேரியன் நகரம் தெற்கில் இல்லை என்பதையும் கூடலில் சொல்லுங்கள். இண்டியானா வடக்கைச் சேர்ந்த மாநிலம். பாடலோ தென்னாட்டு மரங்களையும் மக்னோலியா மணத்தையும் பாடுகிறது. கொலைகளில் பெரும்பாலானவை தெற்கில் நடந்தன என்பதால் அது பொய்யில்லை. ஆனாலும் நியூயார்க்கில் அமர்ந்து கேட்டவர்களுக்குக் கொடுமை வெகுதூரத்தில் நடப்பதுபோலத் தோன்ற அது இடம் கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். டஸ்கீஜி கல்வி நிறுவனம் தொகுத்த கணக்கின்படி 1882 முதல் 1968 வரை 4,743 பேர் இவ்வாறு கொல்லப்பட்டார்கள். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். இதைத் தனிக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச் 29-ஆம் நாள்தான் கையெழுத்தானது. வெஸ்ட்டின் பாட்டு வந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

மாதக் கூடல்

மூவருக்கும் நன்றி. நூலக மேசை சொன்ன செய்தியைப் படித்தபின் அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பார்த்தேன். கூட்டத்தில் நிற்பவர்களின் உடைகளைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்: சலவை செய்த சட்டை, கோடைக்காலப் பூப்போட்ட உடை. திருவிழாவுக்குக் கிளம்பி வந்தவர்களைப் போலிருக்கிறார்கள்.

கூடலில் வாசிப்பதற்காகப் பாடலின் பொருளைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன். இரண்டு இடங்களில் தடுமாற்றம். முதலாவது, தலைப்பு. பழம் என்பதா, கனி என்பதா? கனி என்றால் நமக்கு இனிமை. குறள்கூட இனிய சொல்லுக்குக் கனியையும் கடுஞ்சொல்லுக்குக் காயையும் உவமை சொல்கிறது. தூக்கில் தொங்கும் உடலுக்கு அந்தச் சொல்லை வைக்கக் கை கூசுகிறது. இரண்டாவது, கடைசி வரியின் கடைசிச் சொல். விளைச்சல், அறுவடை, மகசூல் என்று எழுதி எழுதி அடிக்கிறேன், எதுவும் நிற்கவில்லை.

பழைய இசைத்தட்டு

அம்மா, கை கூசுகிறது என்றீர்களே, அதனாலேயே கனி என்று வையுங்கள். பாடலின் வேலையே அதுதான். வயல், மரம், இளங்காற்று, பூமணம் என்று நாட்டுப்புறத்தின் அழகைச் சொல்லும் சொற்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் உடலை வைக்கிறது. இனிக்கும் சொல் இருந்தால்தான் அது கேட்பவர் வாயில் கசப்பாக மாறும்.

மூன்றாம் பகுதியின் வினைகளிலும் கவனம் வேண்டும். காகம் கொத்தும் என்பது தமிழ் வழக்கு. ஆனால் மூலத்தில் காகத்துக்கு மீரோபோல் கொடுத்திருப்பது, மனிதர் கை பூவையும் காயையும் பறிக்கும் செயலைக் குறிக்கும் சொல். மழைக்கும் அப்படியே, விளைந்ததைச் சேகரிக்கும் செயலைக் கொடுக்கிறார். 'காகம் பறிக்க, மழை சேர்க்க' என்று எழுதினால் கேட்பவருக்குச் சற்று உறுத்தும்; அந்த உறுத்தல் மூலத்திலும் இருக்கிறது, அதைச் சரிசெய்துவிடாதீர்கள்.

கடைசிச் சொல்லுக்கு என் ஊரில் நாங்கள் சொல்லும் வெள்ளாமை என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். மகசூல் என்றால் எடை, மூட்டை, ஏக்கர்க் கணக்கு நினைவுக்கு வருகிறது. அறுவடை என்றால் முடிந்துபோன வேலை. வெள்ளாமையில் உழுதவர், விதைத்தவர், தண்ணீர் பாய்ச்சியவர், காவல் இருந்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். அந்தப் படத்தில் கீழே நிற்கும் கூட்டம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள் வந்துவிடும். ஹாலிடே தம் பதிவில் அந்தக் கடைசிச் சொல்லை மேலே ஏற்றி, தரையில் இறக்காமல், அப்படியே விட்டுவிடுகிறார். வாசிக்கும்போது நீங்களும் அங்கே குரலை இறக்க வேண்டாம்.

இனி, என் முதல் பதிவைப் பற்றி. அஞ்சலட்டைச் செய்தியை நான் அறிந்திருந்தும் இந்தக் கோணத்தில் எண்ணிப் பார்த்ததில்லை. பாடலைத் தொடவே கூடாது என்ற தொனியில் எழுதியதை விலக்கிக்கொள்கிறேன். ஆனால் வெட்டுவதைப் பற்றிய என் கவலை அப்படியே இருக்கிறது. அதற்கு மீரோபோலின் வாழ்க்கையிலிருந்தே ஒரு சான்று தர விரும்புகிறேன்.

அவர் எழுதிய இன்னொரு புகழ்பெற்ற பாடல் 'த ஹவுஸ் ஐ லிவ் இன்'. அமெரிக்கா என்றால் எனக்கு என்ன என்று கேட்டு, தெருவையும் கடையையும் அண்டைவீட்டாரையும் விடையாகச் சொல்லும் பாடல். ஏர்ல் ராபின்சன் மெட்டமைத்தார். 1945-இல் ஃபிராங்க் சினாட்ரா நடித்த ஒரு குறும்படத்தில் அது இடம்பெற்றது. சகிப்புத்தன்மையைப் போதிக்கும் படம் என்று சிறப்பு ஆஸ்கரும் பெற்றது. அந்தப் படத்தில், வெள்ளையரும் கறுப்பினருமான என் அண்டைவீட்டார் என்று வரும் பகுதியை நீக்கிவிட்டார்கள். திரையரங்கில் அதைக் கண்ட மீரோபோல் பொறுக்க மாட்டாமல் அங்கேயே கத்தி எதிர்க்க, அவரை வெளியேற்றினார்கள். சினாட்ராவின் குரல் இனிமையானது, படத்தின் நோக்கம் நல்லது, விருதும் கிடைத்தது. ஆனால் பாடல் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அதற்குள் இல்லை. 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' எழுதக் கம்யூனிஸ்ட் கட்சி பணம் கொடுத்ததா என்று நியூயார்க் மாநில விசாரணைக் குழுவின் முன் கேள்விக்குள்ளானவர் அவர். அந்தக் கேள்வியை அவரால் தாங்க முடிந்தது. பாட்டை வெட்டியதைத் தாங்க முடியவில்லை.

ஆகவே, வெஸ்ட்டின் பாட்டை எடைபோட எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. முழுதும் கேட்டு முடித்த ஒருவருக்கு, அந்த மரத்தில் தொங்கியவர்கள் இருந்தார்கள் என்பது தெரியவருகிறதா? உங்கள் மகளுக்குத் தெரியவரவில்லை. ராப்சடியைக் கேட்டவருக்கு, குறைந்தது, யார் குரல் என்றாவது தெரிந்திருக்கும்.

ஒலிப்பதிவுக் கூடம்

ஐயா சொன்ன அளவுகோலை ஏற்கிறேன். ஒரே ஒரு திருத்தத்தோடு. அம்மாவின் மகளுக்குப் பாட்டு சொல்லவில்லை, உண்மை. ஆனால் அந்தக் குரல் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் அம்மா காய்கறிக் கூடையை வைத்துவிட்டு நின்றிருக்கவும் மாட்டார். இந்தப் பேச்சும் நடந்திருக்காது. அதற்கான நன்றி வெஸ்ட்டுக்கு உரியதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது சிமோனின் குரலுக்கு உரியது. சுருதியை அவ்வளவு ஏற்றிய பிறகும் அடையாளம் காணும்படி இருக்கிறது.

போடும் வரிசையைப் பற்றி ஒரு யோசனை: வெஸ்ட்டை முதலில் வையுங்கள், எந்த விளக்கமும் இல்லாமல். பிறகு சிமோன், பிறகு ஹாலிடே என்று பின்னோக்கிச் செல்லுங்கள். பிள்ளைகள் கேட்டுவரும் வழியும் அதுதானே. ஹாலிடேக்குப் பிறகு எதையும் போடாதீர்கள்.

மாதக் கூடல்

அப்படியே செய்கிறோம். வெஸ்ட், ராப்சடி, சிமோன் முடிந்து ஓர் இடைவேளை. அதில் தேநீரைக் கொடுத்து முடித்துவிடுவோம். பிறகு நூலக மேசை சொன்ன மேரியன் நிகழ்வைச் சுருக்கமாகச் சொல்லி, படத்தைக் காட்டாமல், மொழிபெயர்ப்பை வாசிக்கப் போகிறேன். 'கசந்த வெள்ளாமை' என்றே முடித்திருக்கிறேன். நேற்று மகளிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கைப்பேசியில் சிமோனின் பதிவைத் தேடி எடுத்து, காதில் மாட்டிக்கொண்டு மாடிக்குப் போனாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஹாலிடேயின் பதிவுக்கு ஜோசஃப்சனின் விதிகளைக் கடைப்பிடிப்போம். கூடத்து விளக்குகளை அணைத்துவிடலாம். எங்கள் கூடத்தின் பழைய மின்விசிறிகள் இரண்டும் கடகடவென்று ஓசையிடும் என்பதால், அவற்றையும் மூன்று நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும். சித்திரை வெயில், முதியவர்கள் வருவார்கள். முன்கூட்டியே சொல்லி, வாசலோரம் அவர்களுக்கு நாற்காலி போட்டுவிடுகிறேன்.